எதிர்ப்பக்கத்தில் அப்பா

நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கையில், பின்னால் நின்ற பையன் என் முதுகில் விரலால் குத்தி, "உங்கப்பா கட்சி மாறிட்டாராமே" என்றான். எங்கள் வீட்டில் எந்தக் கட்சிக் கொடியும் கிடையாது. தேர்தல் வந்தால் இரு தரப்பாரும் வந்து சுவரில் எழுதிவிட்டுப் போவார்கள். அப்பா இரு தரப்புக்கும் மோர் கொடுத்து அனுப்புவார். அதனால் அவன் உளறுகிறான் என்று விட்டுவிட்டேன். மதியம் சத்துணவு சமைக்கிற அக்கா, குழம்புக் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, "மெய்யாவாடி? இனிமே உங்கப்பா திண்டிவனத்துக்குத்தான் ஆடப்போறாராமே?" என்று கேட்ட பிறகுதான் இது கபடி விவகாரம் என்று விளங்கியது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற சாலையில் மண்டகப்பட்டைத் தாண்டி உள்ளே திரும்பினால் எங்கள் ஊர். மண்டகப்பட்டுக் குகைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் யாரும் எங்கள் ஊர் வரை வந்ததில்லை. ஆனால் கபடி பார்க்கிறவர்களுக்கு எங்களைத் தெரியும். காரணம் அப்பா. வீட்டில் கூப்பிட்டால்கூடத் தலையை அசைப்பதோடு சரி. அதே மனிதர் கபடி பாடிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டினால், கூட்டம் மூச்சை அவரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும். அணிக்குத் தலைவர் என் மாமா, அம்மாவின் அண்ணன். பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய நிலத்தில் மாலை வேளைகளில் இருவரும் ஆடிப் பழகுவார்கள். அப்பாவைப் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் மாமாதான் என்று ஊரில் சொல்வார்கள். போட்டிகளில் இருவரும் ஒரே பக்கம் ஆடியதால் அதைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பு இருக்கவில்லை.

அந்த வருடம் ஆடி மாதத்தில் தம்பிக்கு ஜுரம் வந்தது. விழுப்புரத்தில் பார்த்தார்கள், குறைந்தது, மறுபடி வந்தது. கால் வலிக்கிறது என்று நடக்க மாட்டேன் என்றான். கடைசியில் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அது ரத்தப் புற்றுநோய் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. "ரத்தத்துல கோளாறு" என்பாள் அம்மா, ஏதோ கிணற்றில் தண்ணீர் கலங்கியிருப்பதைப்போல. நீண்ட நாள் வைத்தியம், அடிக்கடி வரவேண்டும் என்று சொன்ன டாக்டர், இன்னொன்றையும் சொல்லியிருந்தார். மருந்து ஓடுகிற காலத்தில் உடம்பில் எதிர்ப்பு இருக்காது. ஜுரம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, உடனே கிளம்பி வந்துவிட வேண்டும். எங்கள் ஊருக்கு வந்துபோவது ஒரே ஒரு டவுன் பஸ். அதுவும் மழை பெய்தால் சாலையிலேயே திரும்பிவிடும்.

திண்டிவனத்தில் ஓர் அரிசி ஆலை முதலாளி கபடி அணி ஒன்று வைத்திருந்தார். அப்பாவைப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர். விஷயம் கேள்விப்பட்டதும் நேரில் வந்து, ஆலையில் வேலை, ஆலைக்குப் பின்னால் வீடு, எந்த நேரமும் ஒரு கார் என்றார். அங்கிருந்து சென்னைக்கு நேர் சாலை. அப்பா அன்றும் தலையைத்தான் அசைத்தார்.

மாமாவுக்கும் அப்பாவுக்கும் எங்கள் வீட்டு வாசலில் நடந்த சண்டை இன்றும் எனக்குக் கேட்கிறது.

"வேலைக்குப் போங்க மாப்ள, யாரு வேணாம்ன்றா? அந்த டீம்ல ஆடாதீங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

"ஆட்டத்துக்காகத்தான் மச்சான் அவரு வேலையே குடுக்கறாரு."

"ஊர்ப் பசங்க மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

மாமா செருப்பைக்கூடப் போடாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் பாதியில் கெடக்கூடாது என்று என்னை முழுப்பரீட்சை வரைக்கும் மாமா வீட்டில்தான் விட்டார்கள். பேசாமல் இருந்தவர்களுக்குள் இந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்று தெரியவில்லை. அத்தை வந்து என் பையை எடுத்துக்கொண்டு போனாள், நான் பின்னால் போனேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முன் அம்மா என்னிடம், தம்பியைக் கூட்டிப்போய் முடி வெட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பினாள். எங்கள் ஊர் சலூன்காரர் அணியின் பரம ரசிகர். கண்ணாடியைச் சுற்றி அப்பா கோப்பை வாங்குகிற படங்களாக ஒட்டிவைத்திருப்பார். வெளியே பெஞ்சில் டிராக்டர் ஓட்டுகிறவரும் பால் ஊற்றுகிறவரும் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் உள்ளே போனதைக் கவனிக்கவில்லை.

"இத்தினி வருசமா தோள்ல தூக்கிக்கினு ஆடுனமே, அதுக்கு இதுதானா மரியாதை?" என்றார் டிராக்டர்காரர்.

"புள்ளைக்கு நோவுன்னா மனுசன் இன்னா பண்ணுவான்? உன் புள்ளயா இருந்தா நீ கோப்பையைக் கட்டிக்கினு உக்காந்திருப்பியா?"

"நாம பாக்க மாட்டமா? ஊரே சேர்ந்து பாக்கும். ஒரு வார்த்த கேட்டாரா நம்மள?"

"பாப்ப. ஒரு தபா பாப்ப, ரெண்டு தபா பாப்ப. வருசக்கணக்கா பாப்பியா? மெட்ராசுக்கு நீ இட்டுக்கினு போவியா?"

"சாக்குப்பா எல்லாம். காருக்கும் வூட்டுக்கும் ஆசப்பட்டுப் போறாரு, புள்ள பேரச் சொல்லிக்கினு."

இதற்குள் சலூன்காரர் தம்பியைப் பலகை போட்டு உட்காரவைத்து, துணி சுற்றி, வழக்கம்போலத் தண்ணீர் தெளித்துத் தலையைத் தடவினார். தடவிய கையோடு முடி வந்துவிட்டது. மறுபடி தடவினார். மறுபடி வந்தது. கத்தரியை எடுக்கவே இல்லை. தம்பிக்குக் கூச்சமாக இருந்தது போலிருக்கிறது, சிரித்தான். சலூன்காரர் கையை அவன் தலைமேலேயே வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலுக்குப் போய், "எழுந்து போங்கப்பா" என்றார். திரும்பிப் பார்த்த டிராக்டர்காரர் கண்ணாடியில் தம்பியைப் பார்த்தார். இருவரும் இறங்கிப் போனார்கள். ஆனால் மறுநாள் டீக்கடையில் அதே விவாதம் அதே இருவரால் தொடர்ந்தது என்று அத்தை சொன்னாள்.

காணும் பொங்கலன்று அனந்தபுரத்தில் போட்டி. கடைசி ஆட்டத்தில் எங்கள் ஊரும் திண்டிவனமும் மோதின. நான் எங்கள் ஊர்க் கூட்டத்தோடு, கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அணியின் பழைய ஃப்ளெக்ஸையே கொண்டுவந்து கட்டியிருந்தார்கள். அப்பாவின் முகத்தின் மேல் மட்டும் வெள்ளைக் காகிதம். திண்டிவனத்தின் ஊதா பனியனில் அப்பா மைதானத்துக்குள் வந்ததும் என்னைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் "துரோகி, துரோகி" என்று கத்தினார்கள். இவர்கள்தான் என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அப்பாவுக்கு விசில் அடித்தவர்கள். எனக்கும் அப்பாமேல் கோபம் இருந்தது. ஊரை விட்டுப் போனதற்கா, என்னை விட்டுவிட்டுத் தம்பியோடு போனதற்கா என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா பிடிபட வேண்டும் என்றும், அவருக்கு அடிபடக்கூடாது என்றும் ஒரே சமயத்தில் வேண்டிக்கொண்டேன்.

அப்பா பாடி வந்தார். மாமா ஓரத்தில் குனிந்து நின்றார். முதலில் அப்பா இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை மாமா கணுக்காலைப் பிடித்தார்; அப்பா விழுந்தார்; கோட்டுக்கும் அவர் விரலுக்கும் ஒரு சாண் இடைவெளி. எங்கள் பக்கம் ஆரவாரத்தில் வானம் இடிந்தது. மாமா மட்டும் பிடியை விட்ட கையோடு அப்பாவின் முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். அப்பா எழுந்து வெளியே போனார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் திண்டிவனம் சற்று முன்னால் இருந்தது. அப்பா உள்ளே வந்து மறுபடி பாடத் தயாரானார். அப்போதுதான் ஆலை முதலாளி, வெள்ளை வேட்டியும் கையில் செல்போனுமாகக் கயிற்றைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடிவந்தார். நடுவர் விசில் ஊதினார். முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த மனிதர் நினைத்திருந்தால் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டம் முடிகிறவரை சும்மா நின்றிருக்கலாம். கோப்பை அவருக்குத்தான் கிடைத்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஊரையே விலை பேசுகிறவர் என்று எங்கள் டீக்கடையில் அவரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"புள்ளைக்கு ஜுரம். ஆலை வண்டில ஏத்தி அனுப்பிட்டாங்க, உன் சம்சாரம் கூட இருக்குது. என் வண்டிய எடுத்துக்கினு நீ நேரா மெட்ராசுக்குப் போ."

அப்பா திரும்பித் தன் அணியைப் பார்த்தார். ஸ்கோர் எழுதிய பலகையைப் பார்த்தார்.

"ஆட்டம் அடுத்த வருசம் ஆடிக்கலாம்யா. ஜல்தி போ" என்றார் முதலாளி.

அப்பா ஓடினார். காருக்குப் போகிற வழியில் கூட்டத்துக்குள் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, தலையில் கைவைத்து, "மாமா கூட இரு பாப்பா" என்றார். கை சுட்டது, மண்ணும் வியர்வையுமாக இருந்தது. செருப்பு மைதானத்து ஓரத்திலேயே கிடந்தது. திண்டிவனத்துக்காரர்கள் சிலர், "யோவ், முடிச்சிட்டுப் போய்யா! எவ்ளோ நேரம் ஆவப்போவுது?" என்று கத்தினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் கத்தவில்லை. துரோகி என்ற சொல் அந்த இடத்தில் நின்றுபோனது. டிராக்டர்காரர் போய் அந்தச் செருப்பை எடுத்து ஃப்ளெக்ஸ் பக்கத்தில் பத்திரமாக வைத்தார்.

ஆட்டம் தொடர்ந்தது. அப்பா இல்லாத திண்டிவனம் தடுமாறியது. நாங்கள் ஜெயித்தோம். நான் எழுந்து குதித்துக் கைதட்டினேன். என் கைதட்டல் எனக்கே தனியாகக் கேட்டது. மேளம் கொண்டுவந்தவர்கள் அதை அடிக்காமலே தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

அன்று தம்பிக்கு வந்தது ரத்தத்தில் தொற்று. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்த பேச்சை அம்மா முடிக்கவிடவில்லையாம். தம்பி பிழைத்தான். வைத்தியம் முடிய வருடங்கள் ஆயின. இப்போது விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறான். கபடி பிடிக்காது, கிரிக்கெட் ஆடுகிறான். திண்டிவனத்து டீக்கடைகளில் அந்தத் தை மாதம் முழுக்க வேறு விவாதம் ஓடியதாம்: ஆட்டத்தைப் பாதியில் விட்டுப் போனவனை அணியில் வைத்துக்கொள்ளலாமா என்று. முதலாளி வைத்துக்கொண்டார். எங்கள் ஊரிலும் விவாதம் ஓயவில்லை. தம்பிக்கு ரத்தம் தேவைப்பட்டபோது சென்னைக்கு முதல் ஆளாகப் போய்ப் படுத்தவர் டிராக்டர்காரர்தான். திரும்பி வந்து, என்ன இருந்தாலும் அவர் அந்த டீமுக்குப் போனது தப்புதான் என்று பெஞ்சில் உட்கார்ந்து சொன்னவரும் அவரே. இன்று வரை மாற்றிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் பின்னால் எனக்குச் சேர்ந்த செய்திகள். அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பது மட்டும். மாமா என்னை பைக்கில் பின்னால் உட்காரவைத்து, கோப்பையை என் மடியில் கொடுத்தார். பனியனைக்கூட மாற்றவில்லை. ஊருக்கு வருகிற வழியில் ஓர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் போன் செய்தார். அந்தப் பக்கம் எடுக்க நேரமானது.

"மாப்ள... நான்தான். எங்க போறீங்க? புள்ள ஆஸ்பத்திரிக்கு வந்துட்டானா?... சேர்த்துட்டாங்களா?... தங்கச்சி என்ன சொல்லிச்சு?... சரி. சரி மாப்ள. நான் காலைல வர்றேன். பசங்களையும் இட்டுக்கினு வர்றேன்... இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. ஒண்ணும் சொல்ல வேணாம்."

போனை வைத்துவிட்டுத் திரும்பி வந்தவர், வண்டியில் ஏறாமல் கரைமேல் உட்கார்ந்து, பனியனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரிய உடம்புக்காரர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை. டி.வி.யில் மட்டும் பார்த்திருந்தேன், கோப்பை வாங்குகிறவர்கள் மேடையில் நின்று அழுவதை. மாமாவுக்கு அவ்வளவு சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு, அவர் கண்ணைத் திறந்தால் முதலில் தெரிய வேண்டும் என்று, அந்தக் கோப்பையை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.