எஜமான் பேசாத வருஷம்

கல்யாணமான பதினொரு வருஷத்தில் கிரிஸெல் டெல்ஃபர் ஏழு வீடு மாறியிருந்தாள். ஏழு அடுப்பிலும் கரி துடைத்தாள். ஏழு தோட்டத்திலும் உருளைக்கிழங்கு நட்டாள். பாதியை வேறு எவளோதான் தோண்டித் தின்றாள். இப்போது எட்டாவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள், எல்லை முகட்டின் மேல், பசுவின் பின்னால்.

அன்றைக்கு மே இருபத்தெட்டு. செவியட் மலைப்பக்கத்தில் வீடு மாறுகிற மேய்ப்பர்கள் எல்லோரும் அந்த ஒரே நாளில்தான் மாறுவார்கள். அவள் புருஷன் கிடியன் கட்டில், பானை, இரண்டு பிள்ளைகள், கிழட்டு நாய் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சாலை வழியாகச் சுற்றி வர முந்தின நாளே கிளம்பிவிட்டான். பசுவை வண்டியில் ஏற்ற முடியுமா? அதனால் பசு கிரம்மியை ஓட்டிக்கொண்டு பதினான்கு மைல் மலை நடப்பது இவள் தலையில் விழுந்தது.

முகட்டில் ஓடும் எல்லை வேலிக்கு வடக்கே ஸ்காட்லாந்து, தெற்கே இங்கிலாந்து. சேறு மட்டும் இரண்டு தேசத்துக்கும் பொது. முழங்கால் வரை வாங்கும் கருஞ்சேறு. ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் போய்விடும். பசு நிற்கும், இவள் தள்ளுவாள், அது திரும்பிப் பார்க்கும்.

"நட தாயே, நட. நீ படுத்தா நானும் படுத்துருவேன். அப்புறம் ரெண்டு பேரையும் யாரு தூக்கறது?" என்றாள்.

கால் வலி ஒரு பக்கம் கிடக்கட்டும். அவளை அரித்தது வேறு. அங்கே வழக்கம் இதுதான்: மார்ச் பிறந்ததும் எஜமான் மேய்ப்பனைத் தேடி வந்து, அடுத்த வருஷமும் இருக்கிறாயா என்று கேட்பார். அதற்குப் பெயரே 'பேசுவது'. பேசாமல் போனால் மூட்டையைக் கட்டு என்று அர்த்தம், காரணம் கேட்கக்கூடாது. அவர்கள் இருந்த ஹேர்கிளூ பண்ணையில் இந்த மார்ச்சில் எஜமான் எலியட் பேசவில்லை. கிடியன்தான் வந்து சொன்னான். அந்த வீடு அவளுக்குப் பிடித்திருந்தது. புகை அடிக்காத அடுப்பு, வாசலிலேயே தண்ணீர், பிள்ளைகளுக்கு ஒரு மைலில் பள்ளிக்கூடம். போயிற்றே எல்லாம் என்று அழுதாள்.

தப்பு தன்மேல்தான் என்று நினைத்தாள். போன ஆகஸ்டில் தீவனப்புல் அறுப்பின்போது இடுப்புப் பிடித்துக்கொண்டு நான்கு நாள் வயலுக்கு இறங்கவில்லை. அதை எஜமான் மனசில் வைத்துக்கொண்டார் போல. ஏப்ரல் பூராவும் யாரும் கேட்காமலே போய் எஜமானியின் பால்கொட்டில் தரையை மண்டிபோட்டுத் தேய்த்தாள், மனசு மாறுமோ என்று. மாறவில்லை.

மத்தியானம் முகட்டு வேலிக்கதவருகே வந்தபோது எதிரே இன்னொரு பசு, அதன் பின்னால் சிவந்த முகத்தோடு ஒரு குண்டுப் பெண். இரண்டு பசுக்களும் மூக்கை மூக்கால் முகர்ந்துகொண்டு அசைய மறுத்தன. பெண்கள் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். வந்தவள் பெயர் டாலி. இங்கிலாந்துப் பக்கத்திலிருந்து ஹேர்கிளூவுக்குத்தான் போகிறாள், கிரிஸெல் காலையில் பூட்டிவிட்டு வந்த அதே வீட்டுக்கு.

"அடுப்பு எப்படிம்மா? புகையுமா?" என்றாள் டாலி, பார்லி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தபடி.

"புகையாது. தோட்டத்துல கிழங்கு நட்டிருக்கேன். நல்லாத் தின்னு."

"அட, இவ்வளவு நல்ல வீட்டை விட்டுட்டு உன் புருஷன் எதுக்குத்தான் போறானோ! எஜமான் ரெண்டு தடவை கேட்டாராமே?"

கிரிஸெல் கையில் ரொட்டி அப்படியே நின்றது. "யாரு கேட்டது?"

"எலியட் ஐயாதாம்மா. பட்டிக்கே வந்து பேசினாராம். உன் நாய்க்கு வயசாயிடுச்சு, இளசா ஒண்ணு பழக்குன்னு சொன்னாராம். அவ்வளவுதான், உன் ஆளு, 'இளசு வச்சிருக்கிறவனைத் தேடிக்கோங்க'ன்னுட்டான். மறுவாரமும் வந்து கேட்டிருக்காரு. முதுகைக் காட்டிட்டானாம். என் புருஷன்கிட்ட எலியட் ஐயாவே சொல்லிச் சிரிச்சாரு. ஏன், உனக்குத் தெரியாதா?"

"இப்பத் தெரிஞ்சுபோச்சு," என்றாள் கிரிஸெல்.

அதற்குப் பிறகு கோக்கெட் ஆற்றுப் பள்ளத்தாக்கு வரை இறங்கிய ஐந்து மைலும் அவளுக்கு நினைவில்லை. ஒரு கிழட்டு நாயின் மானத்துக்காக வீடு போனதா? போகட்டும். ஆண்பிள்ளை ரோஷம், தொலையட்டும். ஆனால் அவள் ஏப்ரல் முழுக்கத் தரை தேய்த்ததை அந்த மனுஷன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான்! 'விடு, உன் தப்பில்லை' என்று ஒரு வார்த்தை வந்ததா? சண்டை போடலாம் என்றால் அதற்கும் உடம்பில் தெம்பில்லை.

புது வீட்டு வாசலில் கிடியன் கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தான். புது எஜமான் ராப்சன் குதிரைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிரிஸெல் இடுப்புவரை சேறோடு நேரே குதிரையிடம் போனாள்.

"ஐயா, ஒரு விஷயம். மார்ச்சுல பேச வருவீங்கள்ல, இருக்கச் சொன்னாலும் சரி, போகச் சொன்னாலும் சரி, என்கிட்டப் பேசுங்க. இவன்கிட்ட வேண்டாம்."

கிடியன் கையிலிருந்த கட்டில்கால் நழுவிக் கீழே விழுந்தது. ராப்சன் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரிம்மா, அப்படியே ஆகட்டும்," என்றார். டாலி சொன்னதைக் கிடியனிடம் அவள் எடுக்கவேயில்லை. பசுவைக் கறந்தாள், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள்.

சொன்ன சொல் தவறவில்லை ராப்சன். அடுத்த மார்ச்சில் ஒரு காலை, பட்டியில் நின்ற கிடியனைத் தாண்டிக் குதிரையை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். பேசினார், போனார். கிடியன் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்ன, பேசினாரா?"

கிரிஸெல் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "பேசலை. முட்டை இருக்கான்னு கேட்டாரு."

அவன் முகம் செத்துவிட்டது. வெளியே போனான். திரும்பி வந்தான். கஞ்சியைத் தொடவில்லை. நாயைக் கட்டிப் போட்டான், பிறகு அவிழ்த்தான். பனியில் மூன்று ஆட்டுக்குட்டி செத்ததே, அதனாலா என்றான். அன்றைக்கு வேலிக்கதவைச் சாத்த மறந்தேனே, அதையா மனசில் வைத்துக்கொண்டார் என்றான். கடைசியில் அடுப்பு முன்னால் வந்து உட்கார்ந்து, "நான் என்ன தப்புப் பண்ணேன், கிரிஸெல்?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இன்னும் ஒரு வாரம் வேக விடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். முடியவில்லை, அலுப்பாக இருந்தது.

"பேசிட்டாரு. இருக்கோம்னு சொல்லிட்டேன்," என்றாள். "அரை நாள் தாங்கலைல்ல உனக்கு? நான் மூணு மாசம் சுமந்தேன்."