கேமரன் மலையில் ஒரு கல்லறைத் திருநாள்

தீபாவளிக்கு மறுநாள், நவம்பர் முதல் தேதி காலை ஏழு மணிக்கு ஈப்போவிலிருந்து கிளம்பினோம். கார் பரீதாவுடையது, ஓட்டியதும் அவள்தான். பக்கத்தில் ஸ்டெல்லா. பின் இருக்கையில் முறுக்கு டின்னோடும் மூன்று குடைகளோடும் நான். ஒரு காலத்தில் ஈப்போவில் ஒரே கையுறைத் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் நாங்கள். அந்த வேலையை விட்டு ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று பேரும் எங்காவது போய் வருவது வழக்கம். போன வருஷம் பங்கோர் தீவு. இந்த வருஷம் மலைக்குப் போகலாம் என்று சொன்னவள் ஸ்டெல்லா.

நவம்பரில் கேமரன் மலைக்குப் போவது குடையைக் குளிப்பாட்டக் கூட்டிக்கொண்டு போவது மாதிரி என்று நான் அப்போதே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சிம்பாங் பூலாய் வழியாக ஏறினால் கம்போங் ராஜாவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். சாலை அகலமானது, வளைவுகளும் தாப்பா சாலையைப் போல வயிற்றைக் கலக்குவதில்லை. பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலைச்சரிவுகளில் அங்கங்கே சிமெண்ட் பூசி, சில இடங்களில் நீலத் தார்ப்பாயை விரித்துக் கல் வைத்திருந்தார்கள். மண் சரியாமல் இருப்பதற்காக. அவற்றைப் பார்த்துக்கொண்டே வந்த ஸ்டெல்லா, இந்த வருஷம் ஏன் மலை என்று அப்போதுதான் சொன்னாள்.

அவள் பிறந்தது மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில். அவளுடைய அப்பா சூசை, எஸ்டேட் ஆலையில் தேயிலை காயவைக்கும் மெஷினில் வேலை பார்த்தவர். வேலையில் இருக்கும்போதே இறந்து, எஸ்டேட் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டார். அதன் பிறகு எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா மகளோடு ஈப்போவுக்கு வந்துவிட்டார். இப்போது அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். டாக்டர் முன்பெல்லாம் நிறையப் பேசுவார், இப்போது தோளைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார் என்றாள் ஸ்டெல்லா. அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான். புருஷனுக்குப் பக்கத்தில் தன்னையும் வைக்க வேண்டும். அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று மகள் நேரில் போய்ப் பார்த்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

நவம்பர் இரண்டாம் தேதி கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். எங்கே வேலையில் இருந்தாலும் அன்றைக்கு வந்து, தங்கள் வீட்டுக் கல்லறையில் புல் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எஸ்டேட்டில் இன்னொரு வேலையும் உண்டு. மரச்சிலுவைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கறுப்பில் பெயரைப் புதிதாக எழுத வேண்டும். மலை மழையில் ஒரு வருஷத்துக்கு மேல் எந்த எழுத்தும் நிற்காது. பாதர் ஒவ்வொரு சிலுவையின் முன்னாலும் நின்று, எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படித்து ஜெபித்துத் தீர்த்தம் தெளிப்பார். வருஷா வருஷம் வந்து போனவர் அம்மாதான். அவர் படுத்ததிலிருந்து ஆறேழு வருஷமாக யாரும் வரவில்லை. அத்தனை வருஷமும் அப்பாவின் பெயரை யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்றபோது அவளுக்குக் குரல் உடைந்தது. பரீதா ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் டிஷ்யூ பெட்டியை நீட்டினாள்.

கம்போங் ராஜாவில் ஒரு முஸ்லிம் கடையில் ரொட்டி சானாய் தின்றோம். தே தாரிக் என்கிற ஆற்றிய பால் டீ இரண்டு வெள்ளி ஐம்பது காசு. கடைக்காரர் பரீதாவின் மாமனார் ஊர்க்காரராம், தமிழ்நாட்டில் எந்தத் தெரு என்பது வரை விசாரித்துவிட்டு இன்னொரு ரொட்டியைத் தட்டில் போட்டார். தீபாவளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் முழுதும் மலையேறி வருகிறது, கியா பார்ம் சந்தையைத் தாண்டுவதற்குள் பசித்துவிடும் என்றார். அப்படியேதான் ஆனது. எட்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், சோளம் அவிக்கும் கடைகள், ஸ்ட்ராபெரி படம் போட்ட தலையணைகள். படங்களில் காட்டும் பச்சை மலையைக் காணோம். எங்கே பார்த்தாலும் பிளாஸ்டிக்கும் சேறுமாக இருந்தது. நின்ற இடத்திலேயே இறங்கி வெள்ளைச் சாமந்தி இரண்டு கட்டு வாங்கினோம், கட்டு எட்டு வெள்ளி. மீதித் தூரத்தையும் அப்படியே ஊர்ந்து, சாயங்காலம் தானா ராத்தாவில் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது போர்வை கூட ஈரமாகத் தெரிந்தது.

மறுநாள், இரண்டாம் தேதி சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு எஸ்டேட் வாசலில் இருந்தோம். காவலுக்கு நின்ற நேப்பாளி மலாயில் எங்கே போகிறீர்கள் என்றார். ஸ்டெல்லா கல்லறைக்கு என்று சொன்னதும் தொப்பியைத் தொட்டுக் கம்பியைத் தூக்கிவிட்டார். லயங்களில் இப்போது வங்காளதேசத்திலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கயிற்றில் அவர்களுடைய லுங்கிகள் காயாமல் தொங்கின. இதுதான் எங்கள் வீடு என்று ஸ்டெல்லா ஒரு கதவைக் காட்டினாள். நிறுத்தட்டுமா என்று பரீதா கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். அங்கிருந்தே போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லாமல் போய்விட்டது.

கல்லறைத் தோட்டம் தேயிலைக்கு நடுவே ஒரு சரிவில் இருந்தது. மேலே சாலையிலிருந்து கீழ்நோக்கிப் படிப்படியாக வெட்டிய வரிசைகள். அம்மா சொல்லி அனுப்பிய அடையாளம் தெளிவானது: கீழேயிருந்து மூன்றாவது வரிசை, தலைமாட்டில் நீலப் பூச்செடி. கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியா அது. துரை பங்களா வேலியில் ஒடித்துவந்து அம்மாவே நட்டது. வழுக்கிக்கொண்டே அடிவரை இறங்கினோம். கடைசி வரிசைக்குக் கீழே புதர், அதற்கும் கீழே நீலத் தார்ப்பாய். அங்கேயிருந்து எண்ணிக்கொண்டு ஏறினோம். மூன்றாவது வரிசையில் தலைமாட்டில் நீலப் பூ. பக்கத்தில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வெறும் புல்தரை.

ஸ்டெல்லா முழங்காலில் விழுந்துவிட்டாள். அம்மாவின் இடம் அப்படியே இருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுத்த ஒரு மணி நேரம் மூன்று பேரும் பேய் பிடித்த மாதிரி வேலை செய்தோம். நான் புல் பிடுங்கினேன். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியதைக் கூடப் பிறகுதான் பார்த்தேன். எழுத்தில்லாமல் கறுத்துக் கிடந்த சிலுவையைத் தேய்த்துத் துடைத்து ஸ்டெல்லா வெள்ளை அடித்தாள். பெயிண்ட் நனையாமல் பரீதா குடை பிடித்தாள். தன் வீட்டில் கேட்டால் ஸ்ட்ராபெரி பறித்ததாகச் சொல்லுங்கள் என்று எங்களுக்கு அவள் உத்தரவு வேறு. பெயிண்ட் அரைகுறையாகக் காய்ந்ததும் ஸ்டெல்லா மெல்லிய பிரஷால் 'சூசை' என்று எழுதினாள். சாமந்தியைப் பரப்பி, வெட்டிய தகர டின்னுக்குள் மெழுகுவர்த்தியை நிறுத்தி ஏற்றினோம். கல்லறையும் பக்கத்துப் புல்தரையும் தெரிகிற மாதிரி படம் எடுத்தாள். அனுப்பத்தான் கோடு இல்லை.

அதற்குள் மேலே ஆட்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண் கையில் பெயிண்ட் டின்னோடு இறங்கி வந்து எங்கள் வரிசையில் நின்றாள். நாற்பது வயது இருக்கும். சிலுவையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், மறுபடி சிலுவையைப் பார்த்தாள்.

“அக்கா, இது எங்க அப்பா.”

கோபமே இல்லை அந்தக் குரலில். ஸ்டெல்லா சிரித்தாள். இல்லைங்க, இது எங்க அப்பா, கீழேயிருந்து மூன்றாவது வரிசை, நீலப் பூச்செடி என்றாள். துரை பங்களா வேலியிலிருந்து எல்லார் வீட்டிலும்தான் ஒடித்து வந்து நட்டார்கள் என்றாள் அந்தப் பெண். அப்புறம்தான் எண்ணிய விதத்தைக் கேட்டாள். கேட்டதும் பெயிண்ட் டின்னை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“கீழ இன்னும் நாலு வரிசை இருந்துச்சுக்கா. முந்தின வருஷம் மழையில லாண்ட்ஸ்லைட் ஆயிருச்சு. அந்தப் பிளாஸ்டிக் போட்டிருக்காங்கல்ல, அதான். தகவல் தெரிஞ்சவங்க வந்து பாத்தாங்க. பாத்து என்ன செய்ய, எல்லாம் ஆத்துல போயிருச்சு.”

வரும் வழியெல்லாம் நீலத் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். இங்கேயும் பார்த்தோம். மண் சரிந்த இடத்தில் போடுவது என்று தெரிந்தும், எங்களில் ஒருத்திக்குக் கூட அது தோன்றவில்லை. ஸ்டெல்லா தார்ப்பாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. பையிலிருந்து துணியை எடுத்து, அவசர அவசரமாக அப்பாவின் பெயரை அழிக்கப் போனாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அழிக்காதீங்கக்கா. பாதர் சிலுவையில இருக்கறதத்தான் படிப்பாரு. பேரு இல்லாட்டி படிக்க மாட்டாரு. கீழ எடம் இருக்கு, எங்க அப்பா பேர நான் அதுல எழுதிக்கறேன்லா.”

அவள் பெயர் லூர்து. கம்போங் ராஜாவில் காய்கறி கட்டும் கொட்டகையில் வேலை. சூசை என்ற பெயருக்குக் கீழே நெருக்கி நெருக்கி 'பிலவேந்திரன்' என்று எழுதினாள், இடம் போதாமல் கடைசி எழுத்து சிலுவையின் பக்கவாட்டில் மடங்கியது. உங்க அப்பாதான் ஆலையில் மெஷின் ஓட்டியவரா என்று கேட்டாள். தன் அப்பா லோரி டிரைவர் என்றும், தேயிலைப் பெட்டி ஏற்ற ஆலைக்குத்தான் தினமும் போவார் என்றும் சொன்னாள். அப்பாக்கள் இருவருக்கும் பழக்கம் இருந்திருக்கும், கட்டாயம் இருந்திருக்கும் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள்.

பத்தரை மணிக்குப் பாதர் வந்தார். மேல் வரிசையிலிருந்து பெயர் பெயராகப் படித்துக்கொண்டு இறங்கினார். எங்கள் சிலுவைக்கு முன்னால் ஒரு கணம் தயங்கினார். லூர்து தலையசைத்தாள். “சூசை, பிலவேந்திரன்” என்று படித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். அவ்வளவுதான். தேயிலை தெரியாமல் மூடுபனி இறங்கிவிட்டது. தேயிலையைப் பார்க்கத்தான் கார் காராக ஜனம் வருகிறது. நான் பார்த்தது ஒரு தார்ப்பாய்தான்.

அறையைக் காலி செய்துகொண்டு பகல் ஒரு மணிக்குத் தாப்பா சாலையில் இறங்கினோம். இன்னும் ஒரு இரவு தங்குவதாகத்தான் திட்டம். யாருக்கும் மனம் வரவில்லை. ரிங்லெட் வரை பதின்மூன்று கிலோமீட்டர், அதற்குள் பரீதாவும் நானும் மெல்லப் பேச்சை ஆரம்பித்தோம். படம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, மெழுகுவர்த்தி எரிகிறது, பக்கத்தில் புல்தரை இருக்கிறது. “அனுப்பிரு ஸ்டெல்லா. அம்மா நிம்மதியா கண்ண மூடட்டும்லா. அதுக்கப்புறம் உள்ளத அப்புறம் பாத்துக்கலாம்” என்றாள் பரீதா. நானும் அதையேதான் சொன்னேன். எங்கள் வீட்டில் எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்துவிடுகிறவர்கள் நாங்கள். என் அப்பா எங்கே இருக்கிறார் என்று நான் ஒருநாளும் தேடியதில்லை. அதனால்தானோ என்னவோ, ஒரு படம் போதும் என்று எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றியது.

அணைக்கட்டு ஏரி தெரிந்ததும் ஸ்டெல்லா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். ஏரித் தண்ணீர் பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருந்தது. மலையில் சரிகிற மண்ணெல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து தங்குகிறது, நடுவே மிதவையில் மெஷின் வைத்து அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். போனில் கோடு வந்திருந்தது. படத்தை ஒரு தரம் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். வீட்டுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் ஸ்டெல்லா எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. வரிசை போய்விட்டதை, லூர்துவை, பெயரை அழிக்க விடாததை. வேறு ஒருத்தர் சிலுவையில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டேன் என்று சொல்லும்போதுதான் அழுதாள். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

கோடு போய்விட்டதோ என்று பரீதா குனிந்து பார்த்தாள்.

“பேரு படிச்சாங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“படிச்சாங்கம்மா. சிலுவையில மொதப் பேரே அப்பா பேருதான்.”

“சரி. நீ அழுவாத. எனக்கு ஈப்போவுலயே ஒரு எடம் பாத்துரு. தனியா இருந்து எனக்குப் பழக்கந்தானே.”