கலைவாணி வாங்கித் தந்த நாற்காலி

குருசுக்குப்பத்தில் கட்டப்போகும் ஒரு வீட்டின் பிளானுக்கு அனுமதி கேட்டு இன்று நகரமைப்பு அலுவலகம் போனேன். ஜன்னலுக்கு எதிரே புதிதாக நான்கு நாற்காலிகள்.

"ஒக்காருங்க சார். ஒங்க சங்கத் தலைவர் மேடம் வந்து ஒரே தடவ பேசினாங்க, ஆர்டர் போட்டுட்டாங்க. இனிமே ஆர்க்கிடெக்ட் யாரும் நிக்க வேணாம்" என்றார் பியூன்.

மேடம் என்றால் கலைவாணி. என்னோடு படித்தவள், சங்கத் தேர்தலில் என்னைத் தோற்கடித்தவள். நான் தலைவராக இருந்த நான்கு வருஷமும் இந்த நாற்காலிக்காகத்தான் மனு மேல் மனுவாகக் கொடுத்தேன்.

"பரவால்லப்பா, நின்னே பழகிட்டேன்" என்று ஒரு மணி நேரம் நின்றேன். உட்கார்ந்திருந்த மூன்று பேரும் அவளைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

முழங்கால் இன்னும் வலிக்கிறது. உட்கார்ந்து பார்த்தவர்கள் மனசாட்சியோடு சொல்லுங்கள், அந்த நாற்காலி கொஞ்சமாவது ஆடுகிறதுதானே?