பூசுமஞ்சள் போட்ட சோப்பு

கரியாஹாட் கடைத்தெருவில் மஞ்சள் கேட்டால், "மீனுக்கா, கல்யாணத்துக்கா?" என்கிறார்கள். இந்த வங்காளி ஊரில் மஞ்சளுக்கு இரண்டே வேலை. குழம்பில் போடுவார்கள், கல்யாணத்தன்று மணப்பெண் மேல் பூசுவார்கள். தினம் முகத்தில் தேய்த்துக் குளிக்கிற சங்கதி இவர்களுக்குத் தெரியாது. நம் பக்கம் அது தாலி இருக்கிறவளின் சொத்து என்பதும் தெரியாது.

கிடர்பூர் துறைமுக ஆபீஸில் வேலை பார்த்த என் கணவர் காய்ச்சலில் போனார். அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். காரியத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து வந்த அண்ணன், "வருஷம் திரும்பட்டும், வந்து கூட்டிட்டுப் போறேன். பொம்பள தனியா இங்க என்ன செய்வே?" என்றார். போனால் மதினியின் அடுக்களை ஓரம் ஒரு பாய் கிடைக்கும். வீட்டில் நல்ல காரியம் என்றால் பின்கட்டில் முடங்க வேண்டும். எங்கள் அத்தை அப்படித்தான் இருந்து செத்தாள், எனக்குத் தெரியாதா? இங்கே மட்டும் விதவைக்குக் கட்டுப்பாடு இல்லையா என்ன? முதல் காரியமாகச் சாப்பாட்டிலிருந்து மீனைப் பிடுங்குவார்கள். சைவப்பிள்ளை வீட்டுப் பெண் நான் என்றைக்கு மீன் தின்றேன்? பிடுங்கிக்கொள்ளட்டும்!

கீழ்வீட்டு மினுவை எல்லோரும் பௌதி என்போம், நம் மதினி முறை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பொறுக்காமல் சோப்பு செய்யக் கூப்பிட்டாள். முதல் நாள் அலுமினியச் சட்டியைக் கொண்டுபோனேன். காஸ்டிக் சோடா பட்டதும் புஸ்ஸென்று பொங்கிச் சட்டி கறுத்துவிட்டது. பௌதி தலையில் அடித்துக்கொண்டு எனாமல் பேசினை எடுத்தாள். அடுப்பே கிடையாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் தானாகவே சூடேறுகிறது. ஆறவிட்டு, தேங்காயெண்ணெயில் ஊற்றி, கூழ்ப்பதம் வரும்வரை மரக்கரண்டியால் கிண்ட வேண்டும். கிண்டிக்கொண்டே அழுதுவிட்டேன். காரத்தின் நெடி என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டாள் பௌதி.

அடுத்த தடவை தனியாகச் செய்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் ஊரிலிருந்து கொண்டுவந்த பூசுமஞ்சள் இருந்தது. அவர் போனபின் திறக்கவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. என்ன நினைத்தேனோ, ஒரு பிடி அள்ளிக் கூழில் போட்டேன். ரத்தமாகச் சிவந்தது! மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவக்கும் என்று நமக்குத் தெரியும். இந்தக் காரம் சுண்ணாம்புக்கே அண்ணன் என்பது எனக்கு உறைக்கவில்லை. கல்யாணமாகி இந்த வாசலுக்கு வந்த அன்று ஆரத்தி சுற்ற ஆளில்லை. இனி யாரும் எனக்குச் சுற்றப்போவதுமில்லை. பேசின் நிறைய ஆரத்தியை வைத்துக்கொண்டு கரண்டியும் கையுமாக நின்றேன்.

"ஓ மா! ரக்தோ!" என்று உள்ளே ஓடிவந்த பௌதி, வெட்டிக்கொண்டேன் என்று பயந்து என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஹோலுத், மஞ்சள்" என்றேன். "சோப்பிலா? பாலோ, பாலோ, ரொம்ப நல்லது" என்று சிரித்துவிட்டுப் போனாள். யாருக்கு என்று அவள் கேட்கவே இல்லை.

வில்லை போட்டுக் காயவைத்ததில், வாரங்கள் போகப்போகச் சிவப்பு இறங்கி மஞ்சள் மேலே வந்தது. அதைத் தேய்த்துக் குளித்த முதல் நாள் பயமாக இருந்தது. பிறகு நன்றாக இருந்தது, பொய் சொல்வானேன்.

சொன்னபடி அண்ணன் வந்தார். ரயில் புழுதியோடு குளிக்கப் போனவர் சோப்பைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"மஞ்சள் மணக்குதே. இதை யாரு போடுதா?"

"நான்தான் போடுதேன்."

என் முகத்தையே பார்த்தார். "ஊர்ல நாலு பேரு பார்த்தா என்னட்டி சொல்லுவாக?"

"அதான் அண்ணே, நான் வரலை."

அவர் கிளம்பும்போது மதினிக்கென்று பாதி வில்லைகளைத் துணியில் கட்டிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். ஒரே பேசினில் கிண்டியது. மதினிக்குத் தாலி இருக்கிறது. அங்கே அது உரிமையோடு கரையும். இங்கே என் முகத்தில் கரைவதன் அர்த்தம், இந்த ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.