சிக்கிட் லாகி எவ்வளவு தூரம்?

போன ஞாயிறு காலை, பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். ஓடி வந்த ஒரு பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன் – அதுதான் குற்றம்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

துளசி எங்கள் தாமான் குடியிருப்பில் எதிர் வீட்டுக்காரி. கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நாற்பதைத் தாண்டிய பிறகுதான் ஓட ஆரம்பித்தாள். எனக்கோ வாசல் கேட்டைத் திறக்கப் போனாலே மூச்சு வாங்கும். ஆனால் அடுத்தவர் எப்படி ஓடுகிறார் என்று துருவித் துருவி விசாரிப்பதில் மட்டும் களைப்பே வராது.

அந்தத் தோட்டத்தில் வருடா வருடம் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடக்கிறது. மூத்தோர் பெண்கள் பிரிவில் முதல் மூன்று பேர் கெடா மாநில அணியில் சேர்ந்து தேசியப் போட்டிக்குப் போகலாம். துளசி கேட்பது அதைத்தான். கோப்பை, பதக்கம் எல்லாம் அப்புறம்... முதுகில் ‘கெடா’ என்று எழுதிய சட்டை ஒன்று வேண்டும் அவளுக்கு.

சென்ற வருடம் அது கைக்கு எட்டி நழுவிப் போனது. நழுவவிட்டது இரண்டே வார்த்தை. சிக்கிட் லாகி.

‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று அர்த்தமாகும் இந்த மலாய்ச் சொல்லை நம்மில் சொல்லாதவர் யார்? கல்யாண மண்டபத்திலிருந்து போன் போட்டால், “சிக்கிட் லாகி, வந்துட்டேன்” என்பவர் அப்போதுதான் துண்டைத் தேடிக்கொண்டிருப்பார். நாமும் அதை நம்புவதில்லை. நம்பாமலே தலையாட்டிக்கொள்வதுதான் நம் பழக்கம்.

ஆனால் நாக்கு வறண்டு ஓடுகிறவருக்கு அந்த விவரமெல்லாம் இருக்குமா?

பழக்குலைகளைக் குவித்து வைக்கும் வளைவில் துளசி அன்று மூன்றாவதாக வந்திருக்கிறாள். நின்ற சனம் நல்ல மனசோடு “சிக்கிட் லாகி, சிக்கிட் லாகி” என்று கத்தியிருக்கிறது. முடிவு வந்துவிட்டது என்று மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கொட்டிவிட்டாள். முடிவுக்கோடு இருந்த பள்ளித் திடலுக்கு அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர். பாதி வழியில் கால் கட்டிக்கொண்டது. இரண்டு பேர் தாண்டிப் போனார்கள்.

“தூரம் போட்ட பலகை இருக்குமே, பாக்கலியா?” என்று கேட்டேன்.

“கண்ணு பலகையத்தான் பாக்குதுக்கா. காலு காதத்தான் நம்புது” என்றாள்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் பல நாள் யோசித்தேன். களைப்பு என்பது காலில் இருக்கிறதா, தலையில் இருக்கிறதா? காலில்தான் என்றால், செத்தோம் பிழைத்தோம் என்று வருகிறவர்கூட முடிவுக்கோட்டைக் கண்டதும் பாய்கிறாரே, அந்தப் பலம் அதுவரை எங்கே ஒளிந்திருந்தது?

கோயில் அன்னதானத்தில் சோறு போடும் அம்மாவைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கண் அண்டாவில், ஒரு கண் வரிசையில். வரிசை நீளமென்றால் கரண்டி சிக்கனமாக விழும். “அவ்வளவுதான், ஆள் முடிஞ்சது” என்று யாராவது சொல்லிவிட்டால் தட்டு தட்டாக அள்ளிப் போட்டுவிடுவார். அப்புறம் வாசலில் ஒரு பஸ் வந்து நின்றால்? நம் மூளையும் ஏறக்குறைய அந்த அம்மா மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதி எவ்வளவு என்று தெரிந்தால்தான் அளந்து போட முடியும்.

அதனால் இந்த வருடம் துளசி எனக்கொரு வேலை கொடுத்தாள்.

“அந்த வளைவுல நில்லுங்கக்கா. யாரு என்னா கத்தினாலும் நீங்க ‘இன்னும் தூரம் இருக்கு’னு மட்டும் சொல்லுங்க. பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் தெரிஞ்சா அதுக்கப்புறம் நான் பாத்துக்கிறேன்.”

போய் நின்றேன். மூன்றாவதாக மஞ்சள் சட்டை போட்ட ஒரு மலாய்க்காரப் பெண் வந்தார். கூட்டம் வழக்கம்போல “சிக்கிட் லாகி” பாடியது. அவர் முகம் மலர்ந்தது, வேகம் கூடியது. அவருக்குப் பின்னால் துளசி... முகமெல்லாம் உப்புப் பூத்து, வாய் கோணி. என்னைத் தேடிய அந்தக் கண்ணைப் பார்த்ததும் நுனி நாக்கு வரை வந்துவிட்டது, அதே சிக்கிட் லாகி. விழுங்கிக்கொண்டேன்.

“துளசி, இன்னும் தூரம் இருக்கு. ரொம்ப தூரம்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வேகம் ஏறவில்லை, இறங்கவில்லை. மஞ்சள் சட்டை தூரமாகிக்கொண்டே போனது.

பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்ற அண்ணன் திரும்பினார். “என்னாம்மா நீங்க, ஓட முடியாம வர்ற புள்ளகிட்ட இப்படியா சொல்லுவீங்க? ரெண்டு நல்ல வார்த்த சொன்னா கொறஞ்சா போயிடுவீங்க?”

விஷயத்தைச் சொன்னேன். நம்பவில்லை. “ஏறுங்க, போய்ப் பாப்போம்” என்று குறுக்கு வழியில் திடலுக்கு ஏற்றிக்கொண்டு போனார். வழியெல்லாம் திட்டு நிற்கவில்லை.

திடல் வேலியோரம் முதலில் மஞ்சள் சட்டைதான் தெரிந்தது. ஆனால் அது ஓட்டமில்லை, ஓட்டத்தின் மிச்சம். பின்னால் துளசி வளைவில் வந்த அதே கதியில் வந்தாள். கொடிக்கம்பம் கண்ணில் பட்டிருக்க வேண்டும், திடீரென்று பாய்ந்தாள். நம் மோட்டார் அண்ணன் என்னை முந்திக்கொண்டு, “இப்ப சிக்கிட் லாகிதான்மா, ஓடு ஓடு” என்று தொண்டை கிழியக் கத்தினார்.

மூன்றாவது இடம். நான் அழுதேன், வேறென்ன செய்வது?

நான்காவதாக வந்த மஞ்சள் சட்டைக்காரர் புல்லில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுக்க வந்தவரிடம், “தாடி கத்தா சிக்கிட் லாகி...” என்றார். அப்போதே கொஞ்சம்தான் என்றார்களே என்கிறார். கோபமில்லை, ஆச்சரியம்தான் தெரிந்தது. எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்ன உண்மை அவர் காதிலும்தான் விழுந்திருக்கும், தமிழில். மலாயிலும் ஒருமுறை சொல்லியிருக்கலாமோ?

துளசி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். போன வருடம் தானும் இதே புல்லில் இதே வார்த்தையைச் சொன்னதாகச் சொன்னாள். அடுத்த வருடம் வேண்டுமானால் இந்த அக்காவை இரவல் தருகிறேன் என்று என்னைக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

வெயில் ஏறிவிட்டது. கால் வலித்தது, காரில் போய் விழுந்தால் போதுமென்றிருந்தது. “காடிய எங்கடி போட்ட?” என்றேன்.

கெடா அணிக்காரி கையை நீட்டிச் செம்பனை மரங்களுக்கு அப்பால் எங்கோ காட்டினாள். “அந்தாக்கா... சிக்கிட் லாகி.”

நான் உடனே நடையைக் குறைத்துக்கொண்டேன்.