சாவு இல்லாத ஆஸ்பத்திரி

எங்கள் குடியேற்றத்து ஆஸ்பத்திரியில் இருபத்துநான்கு கட்டில்கள் இருந்தன. எண்ணியது பள்ளிக்கூட மாஸ்டரான நான்தான், வேறு யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஐம்பதுகளின் கடைசியில் அங்கே இருந்த டொக்டருக்கு மேலிடத்தில் மிக நல்ல பெயர். ஒரு டொக்டர் கெட்டிக்காரரா என்று அறிய மேலிடம் ஒரே வழிதான் வைத்திருந்தது: அவருடைய வார்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று பார்ப்பது. எங்கள் டொக்டரின் வார்டில் யாரும் சாவதில்லை.

எப்படிச் சாவார்கள்? நோயாளிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றும் துண்டு வெட்டி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுவார். போனவர்களில் பலர் பாதி வழியில் உள்ள பளையைக்கூடத் தாண்டவில்லை. அந்தச் சாவுகள் தெருவின் கணக்கு, டொக்டரின் கணக்கு அல்ல.

ஒரு மாரியில் மாமிக்கு, அதாவது என் மனைவியின் தாய்க்கு, நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாங்கள் கொண்டுபோன போத்தலில் சிவப்பு மருந்து ஊற்றித் தந்தார்கள். வேறு வைத்தியம் நடக்கவில்லை. மூச்சு வரவர மோசமானது. அந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. டொக்டர் வாசலில் நின்றே மாமியைப் பார்த்தார்.

"மாஸ்டர், யாழ்ப்பாணத்திலை வசதி கூட. துண்டு வெட்டிறன், கொண்டு போங்கோ."

நோயாளிகளை ஏற்றும் ஆஸ்பத்திரி வான் பழுது. கிடைத்தது நெல் ஏற்றும் லொறி, வெளியே மழை. உயிரோடு போய்ச் சேருவாவா என்று கேட்டேன். அது கடவுள் விட்ட வழி என்றார். என் மனைவி அழத் தொடங்கினாள். மாமி கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் லொறியிலை ஏறமாட்டன். செத்தா இந்தக் கட்டிலிலைதான் சாவன். அந்தப் பெரியவர் வாற நேரம் பாத்துச் சாவன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். டொக்டர் சிரிக்கவில்லை. கட்டிலடிக்கு வந்தார். பிறகு நேர்ஸிடம் மருந்து அலுமாரிச் சாவியைக் கேட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் பெனிசிலின் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊசியைத் தானே போட்டார். தலையணைகளை அடுக்கி மாமியைச் சாய்த்து வைத்தார். அன்று ஐந்து தடவை வந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். அதற்கு முன் அந்தக் குழாயை அவர் காதில் வைத்ததைத் தான் கண்டதே இல்லை என்றார் நேர்ஸ். மனுசனுக்கு வைத்தியம் நன்றாகவே தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல்.

காய்ச்சல் விட்டது. அதிகாரி வந்த அன்று மாமி எழுந்திருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். இந்த வருடம் எத்தனை சாவு என்று அதிகாரி கேட்டார். ஒன்றுமில்லை என்றார்கள். முகம் மலர்ந்து மாமியின் பக்கம் திரும்பி, டொக்டர் எப்படி என்று விசாரித்தார்.

"நல்ல கெட்டிக்காரன், தம்பி. இஞ்சை கிடந்து சாவன் எண்டு வெருட்டினாப் பிறகு வடிவா வைத்தியம் செய்தவர்."

கிழவியின் பகிடி என்று எடுத்துக்கொண்டார் போலும். சிரித்துவிட்டு, படுக்கை விரிப்பை வாரத்துக்கு எத்தனை தடவை மாற்றுகிறார்கள் என்று கேட்டார்.