ஆளுக்கொரு பேனா

அம்மாவின் இன்சுலின் பேனாவில் சித்தியும் மருந்து போட்டுக்கொள்கிறார் என்று தெரிந்ததும் கத்திவிட்டேன்.

“புது ஊசி மாட்டிக்கினுதான்டா போட்டேன்,” என்றார் சித்தி.

ஊசியை மாற்றினாலும் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் பேனாவிலுள்ள மருந்துக் குப்பிக்குள் ஏறி, நோயைத் தொற்ற வைக்கும் என்றேன்.

“கூடப் பொறந்தவ ரத்தந்தானடா?” என்றார் அம்மா.

“படிச்சிட்டாருல்ல தொரை! நான் தொட்டதுல தீட்டு ஒட்டிக்குமாம்,” என்றார் சித்தி.

நெய்வேலி குவார்ட்டர்ஸில் பெருக்கப் போகும் சித்திக்குத் தனி டம்ளர் வைக்கிறார்களே, அவர்களோடு என்னையும் சேர்த்துவிட்டார்! ஒரு பேனா ஒருவருக்குத்தான் என்று பேனா விற்றவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வந்த தாள் முழுக்க ஆங்கிலம். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆளான நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆளுக்கொரு புதுப் பேனா வாங்கினேன். மறுநாள் இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் சித்தி என் பக்கத்தில் உட்காரவில்லை.